டீக்கடை பெஞ்சுக்காக பேப்பர் போட்ட பாரிஸ்டர்: யார் இந்த சி.பா.ஆதித்தனார்?

நரிக்குடி. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி தாண்டி மானாமதுரைக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர். வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல், இல்லையென்றால் பருத்தி, மிளகாய். அதுவும் இல்லையென்றால் சீமைக்கருவேலம்தான்.

இந்தப் பக்கத்து டீக்கடைகளில் காலையில் ஒரே ஒரு பேப்பர் இருக்கும். அதைத் தாள் தாளாகப் பிரித்து நாலைந்து பேர் படிப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசித்துக் காட்டுவார். டீக்குத்தான் காசு, செய்தி இலவசம். இப்போது அதே பெஞ்சில் பாதிப் பேர் மொபைலைத்தான் பார்க்கிறார்கள் என்றாலும், காட்சி இன்னும் முழுசாக மறையவில்லை.

நமக்கு இது சாதாரண விஷயம். ஆனால் 1940களில் நிலைமை வேறு. நரிக்குடி அப்போது பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. இப்படி ஒரு ஊரில் டீ குடிக்க உட்கார்ந்திருக்கும் சம்சாரியையும் கூலித் தொழிலாளியையும் பத்திரிகைக்காரர்கள் வாசகர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்தக் கணக்கை மாற்றியவர்களில் முக்கியமானவர் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார்.

உலக ஊடக நிறுவனங்களைப் பற்றிப் படிக்கும்போது அமெரிக்காவின் ஹெர்ஸ்ட், ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பிய மர்டாக், இத்தாலியின் பெர்லுஸ்கோனி பெயரெல்லாம் கண்டிப்பாக வரும். ஊடகத்தை யார் நடத்துகிறார்கள், யாருக்காக நடத்துகிறார்கள், அரசியலோடு அவர்களுக்கு என்ன உறவு என்ற 3 கேள்விகளைத்தான் அந்தப் பாடங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கும். இந்த மூன்றுக்கும் நம்ம ஊரிலேயே ஒரு முழு உதாரணம் இருக்கிறது.

தேரிக்காட்டிலிருந்து லண்டனுக்கு

ஆதித்தனார் பிறந்தது 1905 செப்டம்பர் 27. ஊர், திருச்செந்தூர் பக்கத்தில் உள்ள காயாமொழி. செம்மணல் தேரியும் பனைமரமும் சூழ்ந்த ஊர். அப்பா சிவந்தி ஆதித்தர் வழக்கறிஞர். வசதியான குடும்பம்.

திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, சட்டம் படிக்க லண்டன் போனார். பாரிஸ்டர் ஆனார். அங்கே இருந்தபோதே பத்திரிகைகளுக்கு எழுதினார். எழுதியதைவிட முக்கியம், அங்கே அவர் கண்ணில் பட்டது.

லண்டனில் அப்போது பேப்பர் என்பது கனவான்கள் மட்டும் படிக்கிற பொருளாக இல்லை. 1896ல் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் அரை பென்னி விலையில் 'டெய்லி மெயில்' கொண்டுவந்தார். 1903ல் அவரே 'டெய்லி மிரர்' தொடங்கினார். சின்ன சைஸ், நிறையப் படங்கள், சுருக்கமான செய்தி. ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்கள் கையில் பேப்பர் இருந்தது. இந்த மாதிரி பத்திரிகையைத் தமிழில் செய்ய முடியுமா என்பதுதான் ஆதித்தனார் ஊருக்குக் கொண்டுவந்த யோசனை.

நேராக அவர் பத்திரிகைக்கு வந்துவிடவில்லை. சிங்கப்பூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். நன்றாகவே சம்பாதித்தார். திருமணமும் அங்கேதான், மனைவி கோவிந்தம்மாள். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆதித்தனார் தமிழ்நாடு திரும்பிப் புது வாழ்க்கையைத் தொடங்கியது அந்தப் போர்க்காலத்தில்தான்.

1942, மதுரை: ஏன் அங்கே?

அப்போது தமிழில் பெரிய பத்திரிகைகள் இல்லாமல் இல்லை. ஜி.சுப்பிரமணிய ஐயர் 1882ல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' இருந்தது. 1934ல் வந்த 'தினமணி' சுதந்திரப் போராட்டத்தின் குரலாக இருந்தது. இரண்டும் சென்னையிலிருந்து வந்தவை. எழுதியவர்கள் படித்தவர்கள், படித்தவர்களை மனதில் வைத்தே எழுதினார்கள்.

இதில் ஒரு தூரக் கணக்கும் இருக்கிறது. சென்னையில் அச்சாகும் பேப்பர் ரயிலேறி மதுரை வந்து, அங்கிருந்து இன்னொரு வண்டி மாறி, கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் தாண்டி நரிக்குடி மாதிரி ஊருக்கு வர வேண்டும். வருவதற்குள் செய்தி பழசாகிவிடும். மதுரையில் அச்சடித்தால் தூரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். காலை பஸ்ஸில் கட்டைப் போட்டால் போதும்.

அதனால் மதுரை. 1942 நவம்பர் 1ஆம் தேதி அங்கிருந்து 'தந்தி' என்ற பெயரில் நாளிதழ் வெளிவந்தது. அதுதான் பின்னால் 'தினத்தந்தி' ஆனது.

நேரத்தைப் பார்த்தால் இதைவிட மோசமான நேரம் கிடையாது. ஆகஸ்டில்தான் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்திருந்தது. செய்திகளின் மேல் அரசுக் கண்காணிப்பு. போரால் அச்சுத் தாளுக்குக் கடும் தட்டுப்பாடு. வெளிநாட்டுத் தாளை நம்பி இருந்த பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. புது ஆளுக்கு யார் தாள் தருவார்கள்?

ஆதித்தனார் வைக்கோலைக் கூழாக்கிக் கையாலேயே தாள் செய்ய வைத்தார். பழுப்பாக, முரடாக இருக்கும் அந்தத் தாளில்தான் பத்திரிகை அச்சானது. நெல் விளையும் ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம்? பாரிஸ்டர் படிப்பு படித்தவர் வைக்கோல் கூழோடு மல்லுக்கட்டியதில் ஒரு வியாபாரப் பாடமும் இருக்கிறது. தாள் கையில் இல்லாதவன் பத்திரிகை நடத்த முடியாது என்பதை முதல் வருஷமே அவர் தெரிந்துகொண்டார்.

தந்தின்னா பயம்தானே?

பெயரையும் கொஞ்சம் கவனிக்கணும். அந்தக் காலத்தில் கிராமத்துக்கு தந்தி வந்தால் பெரும்பாலும் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். தபால்காரர் கையில் தந்தியைப் பார்த்தாலே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட சொல்லையா பத்திரிகைக்கு வைப்பது?

ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியான பெயர். எல்லாருக்கும் தெரிந்த சொல். சொல்லச் சுலபம். கடிதத்தைவிட வேகமாக வருவது. சுருக்கமாக இருப்பது. வேகம், சுருக்கம் என்ற 2 விஷயத்தையும் ஒரே சொல் விளம்பரம் பண்ணிவிட்டது. இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. தந்தியையே பார்த்திராத தலைமுறைக்கு இன்று அந்தச் சொல் என்றால் பத்திரிகைதான்.

எழுத்து எப்படி இருக்கணும்?

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம் பேர். அதாவது 100 பேரில் 82 பேருக்குப் படிக்கத் தெரியாது. அந்த 18லும் பலர் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறவர்கள். இவர்களுக்கு பேப்பர் விற்பது எப்படி?

ஆதித்தனாரின் பதில் மொழியில் இருந்தது. செய்தியாளர்களுக்காக அவர் ஒரு கையேடே எழுதினார். அவர் பிடிவாதமாகச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: மக்கள் பேசுகிற சொல்லில் எழுது. வாக்கியத்தைச் சின்னதாக வை. சமஸ்கிருதச் சொற்களைக் குவிக்காதே. கொச்சையாகவும் போய்விடாதே, பேச்சில் இருக்கும் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்.

கூடவே பெரிய கொட்டை எழுத்தில் தலைப்பு. கடை வாசலில் தொங்கும் போஸ்டர். படங்கள். ஒருவர் வாசிக்க, சுற்றி இருக்கும் 5 பேர் கேட்டாலும் புரிகிற நடை. காதால் கேட்டாலும் புரிய வேண்டும் என்பது இங்கே ரொம்ப முக்கியம். ஏனென்றால் டீக்கடையில் ஒரு பேப்பரைக் கண்ணால் படிப்பவரைவிடக் காதால் படிப்பவர்கள் அதிகம்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களில் பலர், கற்ற எழுத்தை மறக்காமல் வைத்துக்கொண்டது இந்த மாதிரி பேப்பரைப் புரட்டித்தான். ஒருவருக்குத் தன் மொழியில், தன் பேச்சில் செய்தி கிடைக்கிறது என்றால், நாட்டு நடப்பில் தனக்கும் பங்கு இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு வரும். வோட்டுரிமை எல்லாருக்கும் கிடைத்த முதல் பொதுத் தேர்தல் 1951-52ல் நடந்தது. அந்த வாக்காளர்களில் பெரும்பான்மையினர் முன்பு எந்தப் பத்திரிகையும் கண்டுகொள்ளாத ஆட்கள்தான்.

பணம் எங்கிருந்து வந்தது?

பத்திரிகைத் தொழிலில் அடிப்படையாக 2 வழி உண்டு. ஒன்று, கொஞ்சம் பேர் வாங்கினாலும் அவர்கள் பணக்காரர்களாக இருப்பார்கள், அவர்களைக் காட்டி விளம்பரம் பிடிப்பது. இன்னொன்று, விலையைக் குறைத்து நிறையப் பேரை வாங்க வைப்பது. அமெரிக்காவில் 1833ல் பெஞ்சமின் டே 'நியூயார்க் சன்' பத்திரிகையை 1 சென்ட்டுக்கு விற்றார். மற்றவை அப்போது 6 சென்ட். கூட்டம் முதலில் வரட்டும், விளம்பரம் தானாகப் பின்னால் வரும் என்பது அந்தக் கணக்கு.

ஆதித்தனார் போனது இந்த இரண்டாவது வழியில். மதுரையோடு நிற்காமல் பிறகு பல ஊர்களில் தனித்தனிப் பதிப்புகள் வந்தன. அச்சகம் வாசகருக்குப் பக்கத்தில் போகப் போக, உள்ளூர்ச் செய்திக்கும் இடம் கிடைத்தது. சென்னைப் பேப்பரில் ஒருநாளும் வராத ஊர்ப் பெயர்கள் அச்சில் வர ஆரம்பித்தன. தன் ஊர்ப் பெயரைப் பேப்பரில் பார்க்கும் சந்தோஷம் சின்ன ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

கொலை வழக்கும் கன்னித்தீவும்

இந்தக் கதையில் எல்லாமே பெருமைக்குரிய பக்கம் இல்லை. கூட்டம் சேர்க்க எது உதவும்? குற்றச் செய்தி. 1952ல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு மாதிரி வழக்குகளின் விசாரணையை தினத்தந்தி விரிவாக வெளியிட்டது. கோர்ட்டில் அன்றைக்கு நடந்ததை மறுநாள் டீக்கடையில் கதை மாதிரி வாசித்தார்கள்.

குற்றச் செய்தி தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குற்றத்தில் சம்பந்தப்பட்ட பெண்ணின் தோற்றத்தையும் அந்தரங்கத்தையும் தலைப்பாக்கும் ஒரு வழக்கம் தமிழ் வெகுஜனப் பத்திரிகைகளில் வேர்விட்டது. பாதிக்கப்பட்டவர் மேலேயே சந்தேகத்தைத் திருப்பும் அந்தத் தொனியைப் பற்றிய விமர்சனம் இன்றும் தொடர்கிறது. டிஜிட்டலில் வேலை பார்க்கும் எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கிளிக்குக்காக வைக்கும் தலைப்பு புதுசாக முளைத்த நோய் இல்லை, அதற்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு.

இன்னொரு பக்கம், 1960ல் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதை. சிந்துபாத்தின் பயணம் இன்னும் முடியவில்லை. வீட்டில் ஒரு வேலை இழுத்துக்கொண்டே போனால் கன்னித்தீவு மாதிரி போகுதேன்னு இன்றைக்கும் சொல்கிறோம். மறுநாளும் வாசகரை வரவைக்க ஒரு சின்னக் கட்டம் போதும் என்பதை, வெப் சீரிஸ் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்தப் பத்திரிகை புரிந்துவைத்திருந்தது.

முதலாளி, கட்சித் தலைவர், சபாநாயகர்

இப்போது சிக்கலான பகுதி. ஆதித்தனார் பத்திரிகை முதலாளி மட்டும் இல்லை, முழுநேர அரசியல்வாதியும்கூட. பல ஆண்டுகள் சட்டமன்றத்திலும் மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 1958ல் 'நாம் தமிழர்' இயக்கத்தைத் தொடங்கினார். தனித் தமிழ்நாடு அதன் கோரிக்கை. 1960ல் பெரியாரோடு சேர்ந்து, தமிழ்நாடு நீங்கலான இந்திய வரைபடத்தை எரிக்கும் போராட்டத்தில் இறங்கினார். சிறைக்கும் போனார். 2010ல் சீமான் தன் கட்சிக்கு வைத்தது இதே பெயரைத்தான்.

1967ல் அவரது இயக்கம் தி.மு.க.வோடு இணைந்தது. அந்த ஆண்டு தி.மு.க. ஆட்சியைப் பிடித்தபோது ஆதித்தனார் சபாநாயகர் ஆனார். 1967 ஜூலை 18ல் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போது சபாநாயகர் இருக்கையில் இருந்தவர், தனித் தமிழ்நாடு கேட்டுத் தெருவில் நின்ற அதே ஆதித்தனார். தனி நாடு கிடைக்கவில்லை, மாநிலத்தின் பெயர் கிடைத்தது. 1969ல் கருணாநிதி அமைச்சரவையில் சேர்ந்து கூட்டுறவுத் துறையைக் கவனித்தார்.

பத்திரிகை நிர்வாகம் இதற்குள் மகன் சிவந்தி ஆதித்தன் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கேள்வி அப்படியே இருக்கிறது. மாநிலத்தில் பெரும் மக்கள் படிக்கும் பேப்பர் ஒரு குடும்பத்தின் சொத்து, அந்தக் குடும்பத்தின் தலைவர் ஆட்சியில் இருக்கிறார் என்றால், ஆட்சியைக் கேள்வி கேட்கும் செய்தி அந்தப் பேப்பரில் எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வரும்? நரிக்குடி பெஞ்சில் உட்கார்ந்து படிப்பவருக்கு வந்த செய்தி தெரியும். வராத செய்தி தெரியவே தெரியாது.

உலகத்தில் இப்படி வேறு யார்?

இது நம்ம ஊர் விசித்திரம் இல்லை. இங்கிலாந்தில் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' முதலாளி பீவர்புரூக் பிரபு, 1940ல் சர்ச்சில் அமைச்சரவையில் விமான உற்பத்தி அமைச்சர். ஜப்பானில் 1924ல் 'யோமியுரி' பத்திரிகையை வாங்கிய மட்சுதாரோ ஷோரிகி, முன்னாள் போலீஸ் அதிகாரி. பத்திரிகையைப் பிரம்மாண்டமாக வளர்த்து, 1950களில் அமைச்சரும் ஆனார், அந்நாட்டு அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரும் ஆனார். இத்தாலியில் தொலைக்காட்சி அதிபர் பெர்லுஸ்கோனி 1994ல் பிரதமரே ஆகிவிட்டார்.

ஊடக ஆய்வாளர்கள் டேனியல் ஹாலினும் பாவ்லோ மன்சினியும் 2004ல் மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்த 18 நாடுகளை ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். ஒரு நாட்டின் ஊடக அமைப்பைப் புரிந்துகொள்ள அவர்கள் பார்த்தவற்றில் முக்கியமானவை: பேப்பர் எவ்வளவு பேரிடம் போய்ச் சேர்கிறது, ஊடகமும் கட்சிகளும் எவ்வளவு ஒட்டி இருக்கின்றன, பத்திரிகையாளர்களுக்கு எவ்வளவு தொழில் சுதந்திரம் இருக்கிறது, அரசு எவ்வளவு தலையிடுகிறது.

பேப்பர் பரவலாகப் போகும் வடக்கு ஐரோப்பா ஒரு மாதிரி. சந்தையே ராஜாவாக இருக்கும் அமெரிக்கா, பிரிட்டன் இன்னொரு மாதிரி. படிப்பவர்கள் குறைவாகவும் அரசியல் ஒட்டுதல் அதிகமாகவும் இருக்கும் தெற்கு ஐரோப்பா மூன்றாவது மாதிரி. இந்த மூன்றில் தமிழ்நாடு எதில் வரும்? விற்பனை உத்தியில் அமெரிக்கா மாதிரி. அரசியல் ஒட்டுதலில் இத்தாலி மாதிரி. ஆதித்தனார் ஒருவர் வாழ்க்கையிலேயே இரண்டும் கலந்து கிடக்கிறது. பின்னால் கட்சிக்கு ஒரு டிவி சேனல் என்று தமிழ்நாடு போன பாதைக்கும் இந்தக் கலவைதான் முன்னோட்டம்.

அப்போ அவரை எப்படிப் பார்ப்பது?

ஆதித்தனார் 1981 மே 24ல் காலமானார். சென்னை எழும்பூர் பக்கம் ஒரு சாலைக்கு அவர் பெயர். அவர் பெயரில் இலக்கியப் பரிசும் தரப்படுகிறது.

அவர் செய்ததில் நிலைத்து நிற்பது, யார் வாசகர் என்ற வரையறையை மாற்றியது. படித்தவர்களின் வீட்டுத் திண்ணையில் இருந்த பேப்பரை டீக்கடைக்கும் சலூனுக்கும் கொண்டுவந்தார். எளிமையாக எழுதுவது கேவலம் இல்லை, அதுக்கும் உழைப்பு வேணும் என்று ஒரு தொழிலுக்கே சொல்லிக்கொடுத்தார். நீங்கள் இப்போது படிக்கும் இந்த மாதிரி விளக்கக் கட்டுரைகூட அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

அவர் தீர்க்காமல் விட்டது, அந்த வாசகருக்கு முதலாளியை எடைபோட ஒரு வழி. பேப்பர் அவர் பேச்சில் பேசியது, அவர் ஊர்ப் பெயரைப் போட்டது. ஆனால் என்ன வரணும், என்ன வரக்கூடாது என்ற முடிவில் அவருக்குக் குரல் இல்லை. மக்களுக்கான பத்திரிகைக்கும் மக்களுடைய பத்திரிகைக்கும் இடையில் உள்ள தூரம் இதுதான். அந்தத் தூரத்தை உலகத்தில் பெரும்பாலான நாடுகள் இன்னும் கடக்கவில்லை.

மறுபடி நரிக்குடிக்கு வருவோம். அதே பெஞ்ச். மொபைலில் செய்தி நொடியில் வருகிறது, தந்தியைவிட வேகமாக. காகிதத் தட்டுப்பாடு பிரச்சினையே இல்லை. ஆனால் எந்தச் செய்தி முதலில் தெரியணும் என்று முடிவெடுக்கும் ஆள் மதுரையிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. வேறு ஏதோ நாட்டு நிறுவனத்தின் கணினி நிரல் அதை முடிவு பண்ணுகிறது. ஆதித்தனார் காலத்தில் முதலாளி யார் என்பதாவது ஊருக்கே தெரியும். அவர் எந்தக் கட்சி என்றும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே, கொஞ்சம் கழித்து, கொஞ்சம் கூட்டிப் படித்துக்கொண்டார்கள்.

அந்தப் பழக்கத்தை நாம் விடாமல் வைத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை ஒரு செய்தியை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடும் முன் 3 கேள்வி கேட்டுப் பாருங்கள். இதை நடத்துவது யார்? அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இதில் வராமல் போனது என்ன? டீ ஆறுவதற்குள் பதில் கிடைக்காது. ஆனாலும் கேட்டு வைப்பது நல்லது.